ஆடே இல்லாத ஈரல் குழம்பு! கரிசல் காட்டு இட்லியின் ரகசியங்கள் தெரியுமா?

தீபாவளி விடிகாலையில் அருப்புக்கோட்டைத் தெருக்களில் நடந்தால் வெடி வாசனையோடு இன்னொரு வாசனையும் சேர்ந்து வருமே, அது என்ன தெரியுமா? சோம்பும் பட்டையும் சின்ன வெங்காயமும் கடலெண்ணெயில் வதங்கும் கறிக்குழம்பு வாசனை! எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தி, ஆவி பறக்கும் இட்லியைப் பிய்த்து அந்தக் குழம்பில் முக்கித் தின்பதற்கு ஈடான காலைச் சாப்பாடு தென்மாவட்டத்தில் வேறு எது? சரி, அந்தக் குழம்பிலிருந்து ஆட்டை மட்டும் எடுத்துவிட்டால் எவ்வளவு மிஞ்சும் தெரியுமா? அநேகமாக எல்லாமே மிஞ்சும்! வாசனை மிஞ்சும், காரம் மிஞ்சும், மேலே மிதக்கும் செவ்வெண்ணெய் மிஞ்சும். மெல்லுவதற்கு ஒரு துண்டு வேண்டும், அவ்வளவுதான். அந்தத் துண்டும் அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிக் காட்டிலேயே விளைகிறது!

சைவ ஈரல் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? புரட்டாசி பிடித்தவர்களும் மாலை போட்டவர்களும் சுத்த சைவக்காரர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பண்டம் இது. பாசிப்பயறு தெரியும்தானே, தோலோடு இருக்கும் பச்சைப்பயறு? அதில் 200 கிராம் எடுத்து நாலைந்து மணி நேரம் ஊறவைக்க வேண்டும். தண்ணீரை ஒட்ட வடித்துவிட்டு, மூன்று நான்கு வற்றல் மிளகாய், ஒரு கரண்டி சோம்பு, உப்பு, கொஞ்சம் மஞ்சள்தூள் சேர்த்து அரைக்க வேண்டும். வடை மாவைவிடக் கொஞ்சம் இளக்கம், இட்லி மாவைவிடக் கெட்டி. எண்ணெய் தடவிய தட்டில் ஒரு விரல் கனத்துக்குப் பரப்பி, இட்லிக் கொப்பரையில் இருபது நிமிஷம் அவித்தால் போதும். இறக்கியதும் கத்தியை எடுத்துவிடாதீர்கள்! நன்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு வெட்டினால் உதிரும். ஆறியபின் வெட்டினால் விளிம்பு கூர்மையாக, ஈரல் துண்டு போலவே வந்து விழும்.

ஏன் அப்படி? அவிக்கும்போது பயறின் புரதம் உறைந்து வலைபோல் பின்னிக்கொள்கிறது, மாவுச்சத்தோ தண்ணீரைக் குடித்து உப்புகிறது. ஆற ஆற அந்த மாவுச்சத்து இறுகி, வலைக்குள் ஒரு பிடிப்பு உண்டாகிறது. அந்த இறுக்கத்துக்காகத்தான் பொறுமை. பிறகு துண்டுகளைத் தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, நாலு பக்கமும் கருஞ்சிவப்பாகும் வரை புரட்டி எடுக்க வேண்டும். தோலின் பச்சை நிறம் சூட்டில் மங்கி, மண்ணும் சாம்பலும் கலந்த ஒரு பழுப்பு வந்துவிடும். அந்த நிறம்தான் ஈரலின் நிறம்! குழம்பில் போட்டுப் பத்து நிமிஷம் ஊறிவிட்டால், “என்ன மதினி, ஈரல் எந்தக் கடையில வாங்குனீக?” என்று பந்தியில் ஒரு குரலாவது கேட்கும்.

சத்துக் கணக்கும் பார்த்துவிடலாம். 100 கிராம் காய்ந்த பாசிப்பயறில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. 100 கிராம் பச்சை ஆட்டுக்கறியில் சுமார் 20 கிராம். தண்ணீர் குடித்து வெந்தபின் பயறின் புரதம் எடைக்கு எடை குறைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஆனாலும் 200 கிராம் பயறில் செய்த சைவ ஈரல் நாலு பேர் தட்டுக்கு ஏறத்தாழ 48 கிராம் புரதம் கொண்டுவருகிறது. கூடவே இட்லி! அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் பயறிலும் உளுந்திலும் நிறைய உண்டு. பயறில் குறைவாக இருக்கும் கந்தக அமினோ அமிலங்கள் அரிசியில் உண்டு. ஒன்றின் குறையை மற்றது நிரப்பிவிடுகிறது!

இப்போது பெரிய ஆச்சரியம். கறி வாசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா? 1912இல் லூயி காமி மயார் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வேதிவினையைக் கண்டு சொன்னார். சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பு நிறமும் புதுப்புது வாசனைகளும் பிறக்கின்றன. இட்லி மாவில் ஊற்றிய தோசை முறுகுவதும், காப்பிக்கொட்டை கறுப்பதும், கறி வறுபடும்போது தெருவே மணப்பதும் அந்த ஒரே வினையால்தான்! 1960இல் யூனிலீவர் ஆய்வாளர்கள் அதை இன்னும் ஒரு படி கொண்டுபோனார்கள். கந்தகம் உள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தைச் சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கினால் இறைச்சி வாசனை உண்டாகும் என்று காப்புரிமையே எடுத்துவிட்டார்கள். இறைச்சி வாசனைக்கு இறைச்சியே வேண்டாம், கந்தகமும் சர்க்கரையும் சூடும் போதும்!

கந்தகம் நம் அடுக்களையில் எங்கே இருக்கிறது? சின்ன வெங்காயத்திலும் பூண்டிலும்! உரிக்கும்போது கண்ணில் நீர் வரவழைப்பதே வெங்காயத்தின் கந்தகச் சேர்மம்தான். அதுமட்டுமா? 2000ஆம் ஆண்டில் ஜெர்மன் ஆய்வாளர்கள் வெங்காயத்துக்குள்ளேயே இறைச்சிச் சாறு மணம் வீசும் ஒரு கந்தகச் சேர்மத்தைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். கறிக்குழம்புக்குச் சின்ன வெங்காயத்தை அள்ளிப் போடும் நம் வீட்டுப் பெண்கள் அந்த ஆய்வுக்காகக் காத்திருக்கவில்லை.

ஆனால் ஒன்று. மயார் சொன்ன அந்த வினை வேகமாக நடக்க 140 டிகிரிக்குப் பக்கத்தில் சூடு வேண்டும். தண்ணீர் 100 டிகிரியிலேயே கொதித்து நின்றுவிடும். வெங்காயத்தைத் தண்ணீரில் வேகவிட்டால் அந்த வாசனை லேசில் வராது! சைவக் குழம்பு பலருக்குச் சப்பென்று போவதன் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம். கறி இருக்கும்போது வதக்கல் கொஞ்சம் முன்னேபின்னே இருந்தாலும் கறி காப்பாற்றிவிடும். கறி இல்லாதபோது வெங்காயம்தான் குழம்பைத் தூக்க வேண்டும். அதனால் 200 கிராம் சின்ன வெங்காயத்தை அரிந்து, தாராளமான கடலெண்ணெயில், உப்புகூடப் போடாமல், ஓரம் கருகத் தொடங்கும் வரை வதக்குங்கள். இஞ்சி பூண்டு விழுதைப் பச்சை வாசனை போக வதக்குங்கள். தக்காளியைக் குழையவிட்டு, வறுத்து அரைத்த மசாலாவைப் போட்டு, எண்ணெயிலேயே ஒரு புரட்டு புரட்டிய பிறகுதான் தண்ணீர். கால் மணி நேரம் கொதித்ததும் தேங்காயும் கசகசாவும் அரைத்த விழுது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்போது சைவ ஈரல். புளி வேண்டவே வேண்டாம்!

தக்காளிக்கும் ஒரு கதை உண்டு. 1908இல் கிக்குனே இக்கேடா என்ற ஜப்பானிய வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தெடுத்து, இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்போடு சேராத இன்னொரு சுவை உண்டு என்றார். அதைத்தான் உலகம் உமாமி என்கிறது. பழுத்த தக்காளியில் அந்தக் குளுட்டமேட் நிறைய இருக்கிறது. கறிக்குழம்பின் நாக்கில் நிற்கும் ருசிக்கு ஒரு பங்கு அங்கேயிருந்து வருகிறது.

சால்னா வாசனை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வோமே, அதைத் தரும் கல்பாசி ஒரு செடியே இல்லை என்பது தெரியுமா? பாறையிலும் மரப்பட்டையிலும் படரும் லைக்கன் அது. ஒரு பூஞ்சையும் ஒரு பாசியும் ஒரே உடம்பாகக் கூடி வாழும் கூட்டுக்குடும்பம்! பாசி வெயிலில் உணவு சமைக்கும், பூஞ்சை ஈரத்தைப் பிடித்து வைக்கும். கையில் எடுத்து மோந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. காய்ந்த எண்ணெயில் விழுந்த மறுநொடி புகையும் மண்ணும் கலந்த அந்த வாசனை எழும். மதுரை, விருதுநகர்ப் பக்கத்துப் பரோட்டாக் கடைகளில் கறித்துண்டு எதுவும் போடாத எம்ட்டி சால்னாவுக்குக்கூட அந்தக் கெத்து கிடைப்பதற்குக் கல்பாசியும் சோம்பும் பெரிய காரணம். சோம்பின் வாசனைச் சத்தான அனெத்தோல் சர்க்கரையைவிடப் பல மடங்கு இனிப்பானது. காரக் குழம்பின் அடியில் ஒரு தித்திப்பு ஓடுகிறதே, அது எங்கிருந்து என்று இப்போது புரிகிறதா!

மசாலாவுக்கு வேண்டிய மல்லிக்கும் மிளகாய்க்கும் தூரம் போகவேண்டாம். ஐப்பசி மழையை நம்பிக் கரிசலில் விதைக்கும் மானாவாரிப் பயிர் மல்லி. விருதுநகர் மார்க்கெட்டோ மல்லிக்கும் வற்றலுக்கும் பருப்புக்கும் பேர்போனது. திருச்சுழியைத் தாண்டிக் கமுதி, முதுகுளத்தூர்ப் பக்கம் போனால் குண்டு குண்டாக முண்டு மிளகாய். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கிடைத்துவிட்டது!

கறியில்லாத கறியை வெளிநாட்டிலும் தேடினார்கள். அமெரிக்காவில் 2016இல் ஒரு செயற்கை பர்கர் வந்து உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்ததே, நினைவிருக்கிறதா? இம்பாஸிபிள் என்ற நிறுவனத்தின் பர்கர். பச்சையாக இருக்கும்போது கறிபோலவே சிவந்து, வேகும்போது கறிபோலவே மணந்தது. அதற்குள் என்ன வைத்தார்கள் தெரியுமா? சோயாச் செடியின் வேரிலிருக்கும் லெக்ஹீமோகுளோபின்! நம் ரத்தத்தைச் சிவப்பாக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவுக்காரன். அதை உண்டாக்கும் மரபணுவை ஈஸ்ட்டுக்குள் வைத்துத் தொட்டிகளில் பெருக்கி எடுக்கிறார்கள். இந்தச் சிவப்புப் பொருள் ரத்தத்தோடு தொடர்புடைய புரதம் என்பதைக் குபோ என்ற ஜப்பானியர் 1939லேயே கண்டு சொல்லிவிட்டார்.

அதே சிவப்பு அருப்புக்கோட்டைக் கரிசலிலும் இருக்கிறது! உளுந்து, பாசிப்பயறு, தட்டப்பயறு எது விதைத்த காடாக இருந்தாலும் சரி. பூக்கும் பருவத்துச் செடி ஒன்றை, மழை பெய்து மண் இளகியிருக்கும் நாளில், வேர் அறுந்துபோகாமல் மண்ணோடு கெல்லி எடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் நாம் தேடுவது மண்ணிலேயே நின்றுவிடும். வாளித் தண்ணீரில் வேரை மெல்ல அலசுங்கள். கரிசல் கரைந்து இறங்கியதும் வேரெங்கும் கடுகளவும் மிளகளவுமாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளிப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு! செடிக்குள் ரத்தம்போல ஒரு சிவப்பு! பயறுக்குள் அந்தச் சிவப்பு கிடையாது, வேர் முடிச்சில் மட்டும்தான். பிளந்ததில் சிவப்பு இல்லாமல் வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஒரு நாள் காட்டுக்குக் கூட்டிப்போய் இதைக் காட்டவேண்டும். எந்தப் பாடப்புத்தகப் படத்தாலும் இந்த மலைப்பைத் தரமுடியாது.

அங்கே என்ன வேலை நடக்கிறது? ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் அந்த முடிச்சுக்குள் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. ஆக்சிஜன் அதிகமானால் அந்த வேலை கெட்டுவிடும். அதைக் கட்டுக்குள் வைத்துப் பக்குவமாகப் பரிமாறுவதுதான் சிவப்புப் பொருளின் வேலை. நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதைப் புரதமாக மாற்றி நம் தட்டுக்கு அனுப்புகிறது ஒரு முழ உயரத்துப் பயறுச்செடி! வெள்ளாடு மட்டும் என்ன, உளுந்தம் பொட்டையும் பயத்தங்கொடியையும் தின்றுதானே சதை போடுகிறது? சைவ ஈரலில் நாம் ஆட்டைச் சுற்றிப் போகாமல் நேரே பயறிடம் போகிறோம்.

அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துக் கோவிலாங்குளத்தில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஏபிகே 1 என்ற துவரை ரகம் இந்த நிலையம் கொடுத்ததுதான். பெயரிலேயே அருப்புக்கோட்டை! அதே கோவிலாங்குளத்தில் இன்னொரு பொக்கிஷமும் உண்டு. சமணத் தீர்த்தங்கரர் சிலைகள்! சோழர் காலத்திலேயே இந்த வறண்ட காட்டில் சமணர் வழிபாடு இருந்ததற்குச் சாட்சி. புலால் தொடாத அடுப்புகள் இந்த மண்ணில் நேற்று முளைத்தவை அல்ல.

சமணம் என்றதும் இட்லி நினைவுக்கு வரவேண்டும், ஏன் தெரியுமா? இட்லியின் பெயர் எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பதே ஒரு சமண நூலில்தான்! சிவகோட்டியாச்சாரியார் கி.பி. 920 வாக்கில் கன்னடத்தில் எழுதிய வட்டாராதனை. பிறகு வந்த பழைய குறிப்புகளில் இட்லிக்கு உளுந்து மட்டும்தான், அரிசியே இல்லை. மாவை உப்ப வைப்பது யார்? லுகோநாஸ்டாக் மெசன்டிராய்ட்ஸ் என்ற பாக்டீரியா என்று 1965இல் ஆய்வாளர்கள் உறுதி செய்தார்கள். அதைக் கடையில் வாங்க வேண்டாம், உளுந்தோடும் அரிசியோடும் தானாகவே வந்துவிடும். அது விடும் காற்றுக்குமிழை வெளியேறவிடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் கொழகொழப்பு.

சமணர்கள் வெங்காயமும் பூண்டும் தொடமாட்டார்களே, அவர்களுக்குக் கந்தகம் எங்கே? பெருங்காயத்தில்! அதன் நெடியே கந்தகச் சேர்மங்களின் நெடிதான். நெய்யிலோ எண்ணெயிலோ பொரிந்ததும் வெங்காயம் பூண்டு வதங்கிய வாசனை வந்துவிடும். இத்தனை காலம் நாம் சாம்பாருக்குப் போட்ட பெருங்காயம் அவ்வளவும் ஆப்கானிஸ்தான், ஈரான் பக்கத்திலிருந்து வந்தது. இந்திய மண்ணில் அறிவியலாளர்கள் முதல் நாற்றை நட்டது 2020 அக்டோபரில்தான், இமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில்!

சைவச் சமையல் பேச்சில் இந்தப் பக்கத்து ஒருவரை விடமுடியாது. அருப்புக்கோட்டையிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் பஸ் ஏறினால் திருச்சுழி. குண்டாற்றுக் கரை, சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயில். இங்கேதான் 1879 டிசம்பர் 30 அன்று வேங்கடராமன் என்ற பிள்ளை பிறந்தது. உலகம் அவரை ரமண மகரிஷி என்று அறிந்திருக்கிறது. அவர் எவ்வளவு பெரிய சமையல்காரர் என்பது தெரியுமா? திருவண்ணாமலை ஆசிரமத்தில் பல வருஷங்கள் பொழுது விடியுமுன்பே அடுக்களைக்கு வந்து காய் நறுக்கியிருக்கிறார், அரைத்திருக்கிறார், கிளறியிருக்கிறார். காம்பையும் தோலையும்கூட வீணாக்க விடமாட்டார். தாயார் அழகம்மாள் அவரோடு மலையில் தங்கியிருந்தபோது அப்பளம் இட உதவிக்குக் கூப்பிட, அவர் பாடியதுதான் அப்பளப் பாட்டு. உளுந்தும் பிரண்டையும் இடிப்பதும் பொரிப்பதுமாக, ஒரு சமையல் குறிப்பு முழுவதும் ஞான வழியாகவே மாறிவிடும் அதிசயம் அந்தப் பாட்டு!

கறிக்கு மாற்றாகக் காளானும் உண்டு. மழை பெய்து, இடி இடித்த மறுநாள் கறையான் புற்றில் காளான் பூக்கும் என்பார்கள் கரிசல் ஊர்களில். புற்றுக்காளானை வளர்ப்பதே கறையான்கள்தான், தெரியுமா? இலைதழையை மென்று கொண்டுவந்து, புற்றுக்குள் மெத்தை கட்டி, அதில் பூஞ்சையைப் பயிர் செய்து தின்கின்றன. மனிதன் ஏர் பிடிக்கும் முன்பே விவசாயம் செய்த பூச்சி அது! இடிக்கும் காளானுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஜப்பானில் இவாத்தே பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். உயர் மின்னழுத்தத்தைச் சட்டென்று பாய்ச்சினால் காளான் விளைச்சல் கூடியது! ஆனால் ஒரு எச்சரிக்கை: காட்டுக்காளானை நன்றாகத் தெரிந்தவர் சொல்லாமல் தொடக்கூடாது. கடையில் கிடைக்கும் சிப்பிக்காளான் போதும். அதை விரலால் நார்நாராகக் கிழித்து, தண்ணீர் வற்ற வதக்கிக் குழம்பில் சேர்த்தால், தக்காளியின் குளுட்டமேட்டும் காளானிலுள்ள குவனிலேட் என்ற சேர்மமும் ஒன்றையொன்று தூக்கிவிடும். தனித்தனியே தருவதைவிடப் பல மடங்கு ருசி!

மீல்மேக்கர் போடலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவை அழுத்தி, சூடேற்றி, துளை வழியே பிதுக்கிச் செய்யும் பண்டம் அது. வில்லியம் அட்கின்சன் என்ற அமெரிக்கர் இதற்கு 1970இல் காப்புரிமை பெற்றார். பாதிக்கு மேல் புரதம். கொதிநீரில் போட்டு இரண்டு மூன்று முறை பிழிந்தால்தான் அதன் வாடை போகும். எனக்கு என்னவோ பாசிப்பயறு ஈரலின் மணல்மணலான மென்மைதான் இட்லிக்குப் பொருத்தம் என்று படுகிறது. சீனர்கள் இந்த விஷயத்தில் நமக்கு அண்ணன்கள். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய சீனக் குறிப்பு ஒன்றில் சோயாப் பாலைத் திரட்டிச் செய்யும் டோஃபுவுக்குப் பெயர் என்ன தெரியுமா? குட்டி ஆட்டுக்கறி!

எலும்பு வெந்த குழம்பின் கொழுமை மட்டும் வராதே என்று நினைக்கிறீர்களா? வரும்! மொச்சையோ தட்டப்பயறோ வேகவைத்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். அதில் இறங்கியிருக்கும் புரதமும் மாவுச்சத்தும் குழம்புக்கு உடம்பு கொடுக்கும். 2014இல் ஜோயல் ரோசெல் என்ற பிரெஞ்சுக்காரர் இப்படிப்பட்ட பயறுத் தண்ணீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி நுரைக்கிறது என்று கண்டுபிடிக்க, உலகமே அதை வைத்துக் கேக் செய்ய ஆரம்பித்துவிட்டது. கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்துக் குடிக்கும் நம் ஊருக்கு அந்தத் தண்ணீரின் அருமை எப்போதோ தெரியும்.

இட்லிக்கு அரிசிதான் வேண்டும் என்றும் இல்லை. விருதுநகர் மாவட்டத்து மானாவாரி நிலங்களில் விளையும் குதிரைவாலி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு, கொஞ்சம் வெந்தயம். அரிசி இட்லியைவிடக் கொஞ்சம் நிறம் மங்கல், ஆனால் குழம்பை உறிஞ்சுவதில் கெட்டிக்காரன். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் இட்லி அவித்து, மற்ற நாளெல்லாம் கம்பும் சோளமும் குதிரைவாலியும் தின்ற கரிசல் குடும்பங்களில், இன்று அந்தக் குதிரைவாலியே இட்லியாகி வருகிறது!

செய்வதாக இருந்தால் சைவ ஈரலை முதல்நாள் ராத்திரியே அவித்து வைத்துவிடுங்கள். காலையில் வெட்டுவது சுலபம், துண்டும் உடையாது. குழம்பு மிஞ்சினால் கவலையே வேண்டாம். மறுநாளைக்குள் துண்டுகள் மசாலாவை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும், குழம்பு கெட்டிப்பட்டிருக்கும். அடுப்பைச் சிறுதீயில் வைத்துச் சுண்டவிட்டு, முறுகலான தோசைக்குத் தொட்டுப் பாருங்கள். முதல் நாளைவிட அது இன்னும் பிரமாதம்!